பிரபஞ்சத்தின் முதல் நொடியும் ஐந்து நாள் காய்ச்சலும்

1/
"பெருவெடிப்பு சத்தத்தை விஞ்ஞானிகள் கேட்டுட்டாங்க!" என்று ஒரு வீடியோ வாட்ஸ்அப்பில் சுத்திட்டே இருக்கு. அதுக்குக் கீழே வழக்கமான கமெண்ட்: "இதுக்கு 2,600 கோடியா? அந்தக் காசுல எத்தனை ஆஸ்பத்திரி கட்டலாம்!"

என்னைக் கேட்டால் வீடியோவும் தப்பு, கமெண்ட்டும் தப்பு. செங்கல்பட்டு மாவட்டத்தில் அரசு மருத்துவரா வேலை பார்க்கிறவன் என்ற முறையில் ரெண்டுக்கும் பதில் சொல்றேன். நீளமான இழை. பொறுமையா படிங்க.

2/
டிஸ்கி: நான் எம்பிபிஎஸ். இயற்பியல் ப்ளஸ் டூவோட முடிஞ்சது. ஈர்ப்பு அலைகளைப் பத்தி ஆர்வத்துல படிச்சு வச்சதுதான். ஆனா ஒரு விஷயம் எனக்குத் தொழில்ரீதியா தெரியும். ஒரு அறிகுறி கிடைப்பது வேற, அதுக்குக் காரணம் தெரிவது வேற. இந்த இழை முழுக்க அதைப் பத்திதான்.

3/
முதல்ல அடிப்படை. ஈர்ப்பு அலைன்னா என்ன?

கனமான பொருட்கள் வேகமா ஆடும்போது வெளியே (ஆமா, காலமும் இடமும் சேர்ந்த அந்த வெளியே) சுருங்கி விரிந்து அலையா பரவுது. ஐன்ஸ்டைன் 1916இல் கணக்கு போட்டுச் சொன்னார். நேரடியா அது பிடிபட்டது 2015 செப்டம்பர் 14இல். கிட்டத்தட்ட நூறு வருஷம்.

4/
அன்னிக்குப் பிடிபட்டது, ரெண்டு கருந்துளைகள் ஒன்றோடு ஒன்று மோதி இணைந்தபோது கிளம்பிய அலை. சுமார் 130 கோடி ஒளியாண்டு தூரத்திலிருந்து வந்தது. அமெரிக்காவில் இருக்கும் லைகோ கருவிக்கு 4 கி.மீ. நீளத்தில் ரெண்டு கைகள். அந்த 4 கி.மீ.யில் வந்த மாற்றம், ஒரு புரோட்டானின் அகலத்தில் நூற்றில் ஒரு பங்குகூட இல்லை. அதை அளந்தாங்க.

5/
இதுல நம்ம மாவட்டத்துக்கும் பங்கு உண்டு. ஓஎம்ஆரில் சிறுசேரி சிப்காட் வழியா தினமும் எத்தனையோ பேர் போறோம். அங்கே ஐடி கம்பெனிகளுக்கு நடுவுல சென்னை கணிதவியல் கழகம் இருக்கு. பேர்லதான் சென்னை, இருப்பது செங்கல்பட்டு மாவட்டம். 2016 பிப்ரவரியில் அறிவிக்கப்பட்ட அந்தக் கண்டுபிடிப்பில் பங்கேற்ற இந்திய நிறுவனங்களில் இதுவும் ஒன்று. பேராசிரியர் கே.ஜி. அருண் இந்தத் துறையில் அங்கே ரொம்ப நாளா வேலை செய்பவர். மாமல்லபுரத்துக்குச் சுற்றுலா போற பிள்ளைங்களுக்கு வழியில் இந்தக் கட்டிடத்தையும் கைகாட்டி ஒரு வார்த்தை சொல்லுங்க.

6/
சரி, கருந்துளை மோதலுக்கும் பிரபஞ்சத்தின் தொடக்கத்துக்கும் என்ன சம்பந்தம்?

பிரபஞ்சத்துக்கு வயசு சுமார் 1,380 கோடி ஆண்டுகள். ஒளியை வச்சு நாம பார்க்க முடிகிற மிகப் பழைய காட்சி, அது பிறந்து சுமார் 3,80,000 ஆண்டுகள் கழித்து வந்தது. அண்ட நுண்ணலைப் பின்னணின்னு சொல்வாங்க. அதுக்கு முன்னாடி எதையும் ஒளியால் பார்க்கவே முடியாது. டெலஸ்கோப்பை எவ்வளவு பெருசா கட்டினாலும் சரி.

7/
இதை ஒரு ஆளோட வயசா மாத்திப் பாருங்க. பிரபஞ்சம் 80 வயசு தாத்தான்னு வச்சுக்கோங்க. நம்மகிட்ட இருக்கும் அவரோட முதல் போட்டோ, பிறந்து சுமார் 19 மணி நேரம் கழிச்சு எடுத்தது. பிரசவ அறையில் என்ன நடந்தது, குழந்தை உடனே அழுததா, நிறம் எப்படி இருந்தது, எதுவும் ரெக்கார்டு இல்லை. ஆனா பிரசவம் பார்த்த எந்த டாக்டரையும் நர்ஸையும் கேளுங்க. முக்கியமானதெல்லாம் அந்த முதல் சில நிமிஷத்துலதான் நடக்குதுன்னு சொல்வாங்க. பிரபஞ்சத்துக்கும் அப்படித்தான்.

8/
ஏன் பார்க்க முடியல? அப்போ பிரபஞ்சம் கொதிக்கும் பிளாஸ்மா. ஒளி நேரா போக முடியாம எலக்ட்ரான்கள் மேல முட்டி முட்டிச் சிதறிட்டே இருந்தது.

போகி அன்னிக்கு விடியற்காலை ஜிஎஸ்டி ரோட்டை நினைச்சுக்கோங்க. பனியும் புகையும் சேர்ந்து எதிரே வர்ற லாரி தெரியாது. ஹெட்லைட் போட்டாலும் வெள்ளையாத்தான் தெரியும். ஆனா ஹாரன் சத்தம் கேட்கும்.

9/
ஈர்ப்பு அலைதான் அந்த ஹாரன். பொருளோடு அது ரொம்ப ரொம்ப பலவீனமா உறவாடுவதால் பிளாஸ்மா அதைத் தடுக்காது. முதல் நொடியின் மிகச்சிறு பகுதியில் கிளம்பிய அலைகூட, இன்னிக்கும் நம்ம உடம்பு வழியா சிதறாம போய்க்கிட்டு இருக்கலாம்.

அதைத் தடுப்பது கஷ்டம் என்பதால்தான் அதைப் பிடிப்பதும் கஷ்டம். அதோட பலமும் அதுதான், நம்ம தலைவலியும் அதுதான்.

10/
இன்னொரு அழகான விஷயம். எவ்வளவு சீக்கிரம் பிறந்த அலையோ, பொதுவா அவ்வளவு அதிக அலைவரிசையில் அது இன்னிக்கு வந்து சேரும். அதனால் ஒவ்வொரு கருவியும் ஒவ்வொரு வயசைக் கேட்கிற ஸ்டெதஸ்கோப்.

முதல் நொடியில் லட்சத்தில் ஒரு பங்கு சமயத்தில்தான் குவார்க்குகள் கூடி புரோட்டான்கள் ஆச்சு. அந்தக் காலத்து அலை இருந்தால், ஒரு அலை கடந்து போகவே பல மாதம், பல வருஷம் ஆகும்.

11/
அதுக்கும் முன்னாடி, நொடியில் பத்தாயிரம் கோடியில் ஒரு பங்கு சமயத்தில், துகள்களுக்கு நிறை வந்தது. அந்தக் காலத்து அலையைத் தேடக்கூடியது லீசா. ஐரோப்பிய விண்வெளி நிறுவனம் 2024 ஜனவரியில் ஒப்புதல் கொடுத்த திட்டம் இது. மூணு விண்கலங்கள், ஒன்றுக்கொன்று 25 லட்சம் கி.மீ. இடைவெளி. 2035இல் ஏவுவதாகத் திட்டம்.

இதில் ஒரு சுவாரசியம். இப்போ நமக்குத் தெரிஞ்ச இயற்பியல்படி அந்த மாற்றம் அமைதியா நடந்திருக்கணும், பெரிய அலை வந்திருக்கக் கூடாது. அதையும் மீறி அலை கேட்டால், நமக்குத் தெரியாத இயற்பியல் இருக்குன்னு அர்த்தம்.

12/
இப்போ 2023 ஜூன் மாத இறுதிக்கு வருவோம். அந்த வைரல் வீடியோவுக்கு மூலம் அதுதான்.

பல்சார்னு ஒரு வகை விண்மீன். சில பல்சார்கள் நொடிக்கு நூற்றுக்கணக்கான தடவை சுத்தும், ஒவ்வொரு சுத்துக்கும் ஒரு ரேடியோ துடிப்பு. நாடி பிடிச்சுப் பார்த்தா அவ்வளவு சீரா இருக்கும். பெரிய ஈர்ப்பு அலை கடந்து போனால் அந்தத் துடிப்பு துளியூண்டு முன்ன பின்ன வரும்.

13/
ஒரு பல்சார் நாடி தவறினா அது அந்தப் பல்சாரோட சொந்தப் பிரச்சினையா இருக்கலாம். ஐசியூவில் ஒரு பெட் மானிட்டர் மட்டும் ஆடினால் பேஷன்ட்டைப் பாருன்னு சொல்வோம். எல்லா பெட் மானிட்டரும் சேர்ந்து ஆடினால்? கரண்ட்டைப் பாருன்னு சொல்வோம்.

அதே மாதிரி, வானத்தில் ரெண்டு பல்சாருக்கு இடையிலுள்ள கோணத்துக்கு ஏத்தபடி அவற்றின் தடுமாற்றங்கள் ஒரு குறிப்பிட்ட விதத்தில் ஒத்துப் போகணும். அப்படின்னா நடுவுல ஆடுவது வெளியேதான். ஹெல்லிங்ஸ், டவுன்ஸ் என்ற ரெண்டு பேர் 1983லேயே இந்தக் கணக்கைப் போட்டு வச்சிட்டாங்க.

14/
2023 ஜூனில் அமெரிக்க, ஐரோப்பிய, இந்திய, ஆஸ்திரேலிய, சீனக் குழுக்கள் ஒரே நேரத்தில் முடிவுகளை வெளியிட்டன. ஐரோப்பியக் குழுவும் இந்தியக் குழுவும் சேர்ந்து 25 பல்சார்களை ஆராய்ந்தன. இந்தியத் தரப்பில் கருவி, புனே அருகே நாராயண்காவ் பக்கத்தில் இருக்கும் ஜிஎம்ஆர்டி. 45 மீட்டர் விட்டத்தில் 30 தட்டுகள். சென்னை தரமணியில் இருக்கும் கணித அறிவியல் நிறுவனமும் இந்த இந்தியக் கூட்டணியில் உண்டு.

முடிவு: மிகத் தாழ்ந்த ஒரு "ம்ம்ம்" ஓசை மாதிரி ஈர்ப்பு அலைப் பின்னணி இருப்பதற்கு ஆதாரம் கிடைச்சிருக்கு.

15/
கவனிங்க. "ஆதாரம்"னு சொன்னாங்க. "கண்டுபிடிப்பு"ன்னு சொல்லல.

இயற்பியலாளர்கள் ஒன்றைக் கண்டுபிடிப்புன்னு அறிவிக்க 5 சிக்மா என்ற அளவு வேணும். தற்செயலா அப்படி ஒரு முடிவு வர சுமார் 35 லட்சத்தில் ஒரு வாய்ப்புதான் இருக்கணும். இந்த முடிவுகள் அந்தக் கோட்டைத் தொடல. எங்க மருத்துவ ஆய்வுகளில் 20இல் ஒன்று என்பதையே வழக்கமான எல்லையா வச்சிருக்கோம். அந்த ஒழுக்கத்தைப் பார்த்து எனக்குப் பொறாமைதான்.

16/
இதைவிட முக்கியமானது: சரி, ஓசை உண்மைன்னே வச்சுக்குவோம். எங்கிருந்து வருது?

அதிக வாய்ப்புள்ள பதில், ராட்சத கருந்துளை ஜோடிகள். கேலக்ஸிகள் ஒன்றோடு ஒன்று இணையும்போது அவற்றின் நடுவிலிருக்கும், சூரியனைப் போல கோடிக்கணக்கான மடங்கு நிறையுள்ள கருந்துளைகள் ஒன்றையொன்று சுத்த ஆரம்பிக்கும். அப்படி எண்ணற்ற ஜோடிகள் சேர்ந்து எழுப்பும் இரைச்சல். இது பிரபஞ்சம் வளர்ந்த பிறகு நடந்த கதை. பெருவெடிப்பு இல்லை.

17/
இன்னொரு வாய்ப்புதான் ஆதி பிரபஞ்சம். குவார்க்குகள் கூடிய காலத்து நிலைமாற்றம், அண்டச் சரடுகள்னு ஒரு பழைய கணிப்பு, அல்லது முதல் கணத்தின் பெருவீக்கத்தில் ஏற்பட்ட அடர்த்தி ஏற்ற இறக்கங்கள் பின்னால் கிளப்பிய இரண்டாம் நிலை அலைகள். கடைசியா சொன்னதைப் பத்தியும், அதோடு பிறந்திருக்கக்கூடிய ஆதிக் கருந்துளைகளைப் பத்தியும் ஐஐடி மெட்ராஸில் பேராசிரியர் எல். ஸ்ரீராம்குமாரும் அவரது மாணவர்களும் ஆய்வு செய்து வர்றாங்க.

ஆக, பட்டியல் இருக்கு. பதில் இல்லை.

18/
இங்கதான் நம்ம ஊர் காய்ச்சல் வருது.

மழைக்காலம் முடிஞ்சதும் ஓபியில் ஐந்து நாள் காய்ச்சலோட வரிசையா வருவாங்க. டெங்குவா இருக்கலாம். உண்ணிக் காய்ச்சலா இருக்கலாம். எலிக்காய்ச்சல், டைஃபாய்டு, மலேரியா, சாதாரண வைரஸ், எதுவா வேணா இருக்கலாம். தெர்மாமீட்டர் 102 காட்டுவது உண்மை. ஆனா தெர்மாமீட்டர் நோய்க்குப் பேர் சொல்லாது.

கூட வந்தவங்க கேட்பாங்க: "டாக்டர், என்ன காய்ச்சல்னு ஒரே வார்த்தையில சொல்லுங்க." பாவம், அவங்க பயம் அவங்களுக்கு.

19/
அந்த நேரத்தில் "டெங்கு"ன்னு ஒரு பேரைச் சொல்லி அனுப்பறது ரொம்ப சுலபம். ஆனா அக்குளிலோ இடுப்பு மடிப்பிலோ ஒரு சின்ன கருப்புப் பொருக்கு இருக்கான்னு தேடணும். இருந்தா உண்ணிக் காய்ச்சலுக்கு அது பெரிய துப்பு. டெங்குவுக்கு முதல் சில நாளில் ஒரு டெஸ்ட், அதுக்குப் பிறகு வேற டெஸ்ட். எந்த நாளில் எந்த டெஸ்ட் என்பது முக்கியம். "இன்னும் தெரியல, ஆனா எப்படித் தெரிஞ்சுக்கறதுன்னு தெரியும்" என்பதுதான் அந்த நிமிஷத்தின் நேர்மையான பதில்.

20/
பல்சார் குழுக்கள் சொன்னதும் அதே பதில்தான். அவங்களுக்கும் டெஸ்ட் பட்டியல் இருக்கு. ஓசை வானத்தின் ஒரு பக்கம் கொஞ்சம் அதிகமா வருதா? அப்படின்னா கருந்துளை ஜோடிகள் பக்கம் சாயும். எல்லாப் பக்கமும் ஒரே சீரா வருதா? ஆதி பிரபஞ்சத்துக்கு வாய்ப்பு கூடும். எந்த அலைவரிசையில் எவ்வளவு பலம்? தனியா ஒரு ஜோடி பிடிபடுமா? உலகக் குழுக்கள் எல்லாம் தரவைச் சேர்த்து ஆராய்றாங்க. இது அவசரப்படுத்த முடியாத வேலை. ஒரு அலை கடக்கவே வருஷக்கணக்கு ஆகும்போது என்ன அவசரம்?

21/
அவசரப்பட்டால் என்ன ஆகும்னு இந்தத் துறையே ஒரு தடவை பார்த்திருக்கு. 2014 மார்ச் 17இல், தென்துருவத்தில் இருந்த பைசெப்2 தொலைநோக்கிக் குழு, அண்ட நுண்ணலைப் பின்னணியில் ஆதி ஈர்ப்பு அலைகளின் தடத்தைப் பார்த்துட்டோம்னு அறிவிச்சாங்க. உலகம் முழுக்கத் தலைப்புச் செய்தி. சில மாதத்தில் பிளாங்க் விண்கலத்தின் அளவீடுகள் வந்தன. 2015 தொடக்கத்தில் ரெண்டு குழுக்களும் உட்கார்ந்து சேர்ந்து பார்த்தாங்க. பார்த்த தடத்தை நம்ம பால்வீதியின் தூசியே விளக்கிடும்னு ஆச்சு.

22/
எக்ஸ்ரே படத்தில் சட்டைப் பட்டன் நுரையீரல் கட்டி மாதிரி தெரியும். அதுமாதிரிதான் இது. கருவியில் குறை இல்லை, பார்த்த புள்ளியும் உண்மை. அது எதோட புள்ளி என்பதில்தான் சிக்கல்.

ஆனா ஒண்ணு சொல்லணும். பைசெப் குழு வெட்கப்பட்டு மூட்டை கட்டல. இன்னும் நல்ல கருவி வச்சுத் தேடிட்டே இருக்காங்க. 2021இல் வந்த அவங்க முடிவு, அந்தத் தடம் இருந்தால்கூட முன்பு சொன்னதைவிட ரொம்பச் சின்னதாத்தான் இருக்க முடியும்னு எல்லை போட்டது. "இல்லை" என்ற ரிப்போர்ட்டும் ரிப்போர்ட்தான். அதை வச்சு பெருவீக்கத்தைப் பத்தின பல கோட்பாடுகளைக் கழிச்சுட்டாங்க.

23/
நம்ம கடற்கரையிலும் இதே மாதிரி ஒரு கதை உண்டு. 2004 டிசம்பர் 26 சுனாமி மாமல்லபுரம் பக்கம் மணலை அரிச்சப்போ, சாளுவன்குப்பத்தில் ஒரு பாறைக் கல்வெட்டு வெளியே தெரிஞ்சது. அந்தத் துப்பை வச்சு 2005இல் தொல்லியல் துறை தோண்டினாங்க. பல்லவர் காலத்து முருகன் கோயில் கிடைச்சது. அதுக்கும் அடியில் அதைவிடப் பழைய செங்கல் கட்டுமானம்.

அலை காட்டினது ஒரு துப்பு மட்டும்தான். கோயிலைக் காட்டினது மண்வெட்டியும் தூரிகையும் பொறுமையும். அலை வந்த அன்னிக்கே யாராவது "கீழே சங்ககாலக் கோயில்"னு வீடியோ போட்டிருந்தா, அது வெறும் வாய்ஜாலம்.

24/
இப்போ ரெண்டாவது கமெண்ட். 2,600 கோடி.

அது லைகோ இந்தியா திட்டத்துக்கு 2023 ஏப்ரல் 6இல் மத்திய அமைச்சரவை ஒப்புதல் கொடுத்த தொகை. மகாராஷ்டிராவின் ஹிங்கோலி மாவட்டத்தில் வரப்போகுது. 2030க்குள் முடிக்கணும்னு இலக்கு. பூமியில் இன்னொரு மூலையில் ஒரு கருவி இருந்தால், அலை வானத்தில் எங்கிருந்து வந்ததுன்னு இன்னும் துல்லியமா சொல்ல முடியும். ரெண்டு காது இருந்தால் திசை தெரிவது மாதிரி.

25/
கணக்கு போடுவோம். 140 கோடி மக்களுக்குப் பிரிச்சா தலைக்கு சுமார் 19 ரூபாய். ஒரு வருஷத்துக்கு இல்லை, மொத்தத் திட்டத்துக்கும். 2023-24இல் மத்திய சுகாதார அமைச்சகத்துக்கு ஒதுக்கியது 89,155 கோடி. லைகோ இந்தியாவின் மொத்தச் செலவு, அந்த ஒரு வருஷத் தொகையில் சுமார் 3 சதவீதம். ஏழு வருஷத்துக்குப் பிரிச்சா அரை சதவீதம்கூட வராது.

26/
அரசு ஆஸ்பத்திரியில் என்ன பற்றாக்குறைன்னு என்னைவிட யாரும் எனக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை. பெட் வேணும், நர்ஸ் வேணும், டாக்டர் வேணும். 2017 தேசிய நலவாழ்வுக் கொள்கை, 2025க்குள் நாட்டு உற்பத்தியில் 2.5 சதவீதம் அரசு சுகாதாரச் செலவா இருக்கணும்னு சொல்லுது. அது என்ன ஆச்சுன்னு கேளுங்க. சத்தமா கேளுங்க, நானும் கூட வர்றேன். ஆனா என் பேஷன்ட்டோட பெட்டை ஹிங்கோலியில் யாரோ எடுத்து வச்சிருக்காங்கன்னு மட்டும் சொல்லாதீங்க. அங்கே இல்லை அது.

27/
இதுக்குப் பதிலா சிலர், "நாளைக்கு இதிலிருந்து மருத்துவக் கருவி வரும்"னு வக்காலத்து வாங்குவாங்க. வரலாம். எம்ஆர்ஐக்கு அடிப்படையான அணுக்கரு காந்த ஒத்திசைவை 1930கள், 40களில் ஆராய்ந்தவங்க ஸ்கேன் மிஷினைத் தேடிப் போகல என்பதும் உண்மை. ஆனா அந்த வாக்குறுதியில் இதை விக்காதீங்க. வராமப் போனால் "ஏமாத்திட்டாங்க"ன்னு அடுத்த பட்ஜெட்டில் கத்தி விழும். நேர்மையான காரணம் ஒண்ணு போதும்: நாம எங்கிருந்து வந்தோம்னு தெரிஞ்சுக்கணும். அதுக்குத் தலைக்கு 19 ரூபாய் கொடுக்கலாம்.

28/
அதனாலதான் அந்த வீடியோ மேல எனக்கு இவ்வளவு கோபம். இன்னிக்கு "பெருவெடிப்பு கேட்டாச்சு"ன்னு சொல்லிட்டா, நாளைக்கு உண்மையிலேயே கேட்கும்போது "இதைத்தான் முன்னாடியே சொன்னீங்களே"ன்னு மக்கள் நகர்ந்து போவாங்க. அதுக்கு நடுவுல பதில் "கருந்துளைகள்தான்"னு வந்தா, "விஞ்ஞானிகள் மாத்தி மாத்திப் பேசறாங்க"ன்னு சொல்வாங்க. அவங்க மாத்திப் பேசல. நாமதான் அவங்க சொல்லாததைச் சொன்னோம். கோவிட் காலத்தில் இதோட விலை என்னன்னு நாம எல்லாரும் பார்த்தோம்.

29/
அடுத்த தடவை இப்படி ஒரு ஃபார்வர்டு வந்தால் மூணு கேள்வி கேளுங்க.

ஒண்ணு: அலை கிடைச்சிருக்கா, இல்லை அலைக்குக் காரணமும் கிடைச்சிருக்கா?
ரெண்டு: தனித்தனிக் குழுக்கள் தனித்தனிக் கருவியில் அதையே பார்த்தாங்களா?
மூணு: இதே அறிகுறியைத் தரக்கூடிய வேற காரணங்களைக் கழிச்சுட்டாங்களா?

இதே மூணு கேள்வியை உங்க லேப் ரிப்போர்ட்டை வச்சு உங்க டாக்டர்கிட்டயும் கேட்கலாம். நல்ல டாக்டர் கோபப்பட மாட்டார்.

30/
திருக்கழுக்குன்றத்திலோ செய்யூரிலோ மதுராந்தகத்திலோ ப்ளஸ் ஒன் இயற்பியல் படிக்கிற ஒரு பிள்ளை இதைப் படிச்சா: 2035இல் லீசா மேலே போகும்போது உனக்கு முப்பது வயசுகூட ஆகியிருக்காது. முதல் நொடி இன்னும் யாருக்கும் கேட்கல. கேட்கிற ஆள் நீயா இருக்கலாம். சிறுசேரிக்குப் பஸ் இருக்கு.

பகிருங்க, கேள்வி இருந்தா கீழே கேளுங்க.

பி.கு: ரெண்டு மூணு நாளுக்கு மேல காய்ச்சல் விடாம இருக்கறவங்க இந்த இழைக்கு லைக் போட்டுட்டு நேரா பக்கத்து அரசு மருத்துவமனைக்குப் போங்க. டெஸ்ட்டுக்குக் காசு கிடையாது. மெடிக்கலில் நீங்களா மாத்திரை வாங்கிப் போடாதீங்க.